தாய்மாமனுக்கு ஒரு ‘போயிட்டு வாங்க’

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் ஒருவரை அவமானப்படுத்தக் கெட்ட வார்த்தை எதுவும் தேவையில்லை. ஒரு நல்ல வார்த்தையைச் சொல்லாமல் விட்டால் போதும். அந்த வார்த்தை ‘வாங்க’.

வீட்டுக்கு யாராவது வந்தால், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து நின்று ‘வாங்க’ என்று கேட்டாக வேண்டும். (ஆமாம், அதைச் சொல்வது என்று நாங்கள் சொல்வதில்லை. ‘வாங்கன்னு கேட்டாங்களா?’ என்றுதான் விசாரிப்போம்.) குளித்துக்கொண்டிருப்பவர் தலையில் சீயக்காயோடு குளியலறைக்குள் இருந்தே கேட்டுவிடுவார். பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகளைப் பிடித்து வைத்து விசாரித்துப் பாருங்கள். வரப்பு, வாய்க்கால், தென்னைமரம் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, “அன்னிக்கு ஊட்டுக்குப் போயிருந்தப்ப வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க” என்பதில்தான் வந்து நிற்பார்கள்.

சரி, வந்தவர் கிளம்ப வேண்டுமே. அவர் ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது. அது ஒரேயடியாகப் போகிறவர் சொல்வது. ஆகவே எழுந்து நின்று ‘வாரேனுங்க’ என்பார். நாமும் ‘போங்க’ என்று சொல்ல முடியாது. ‘போயிட்டு வாங்க’ என்போம். ஆக, எங்கள் ஊரில் வந்தாலும் வாங்க, போனாலும் வாங்க. பேச்சை மட்டும் வைத்துப் பார்த்தால் இங்கே யாரும் எங்கேயும் போவதே இல்லை.

வெளியூரிலிருந்து வந்தவர்கள் இதில் குழம்பினால் மன்னிக்கலாம். குழம்பியது இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணின் மரியாதை மொத்தமும் தன் நாக்கில்தான் குடியிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த நான். அதுவும் என் தங்கையின் கல்யாணத்தில்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு இருபத்து மூன்று வயது. கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில், புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிற வேலை. ‘தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்று மகிழ்ச்சி அடைந்தோம்’ என்று ஆரம்பித்து, பம்ப் ஏன் தண்ணீர் எடுக்கவில்லை என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பணிவோடு எழுதுவேன். அதனால் பணிவில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற கர்வம் எனக்கு இருந்தது. (பணிவில் கர்வம். அதுவே ஒரு எச்சரிக்கை. எனக்குத்தான் தெரியவில்லை.)

தங்கை சாந்தாமணிக்கு மாப்பிள்ளை அன்னூர்ப் பக்கம். செந்தில் என்று பெயர். கல்யாணம் அவிநாசியில் ஒரு மண்டபத்தில். ஒரு வாரத்துக்கு முன்பே அப்பா எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தார். என் பெயர் வந்தபோது சற்று யோசித்தார். சமையல்கட்டுக்கு அனுப்பினால் வடை குறையும், பந்திக்கு அனுப்பினால் சாம்பார் சிந்தும் என்று கணக்கிட்டிருப்பார். கடைசியில் மண்டப வாசலில் நின்று கும்பிடு போட்டு வருகிறவர்களை ‘வாங்க’ என்று கேட்கும்படி சொன்னார். நிற்கவும் ஒரே ஒரு சொல்லைச் சொல்லவும் தெரிந்தால் போதும், இதில் எவனும் தப்புப் பண்ண முடியாது என்பது அவர் எண்ணம். தன் மகனைக் குறைத்து எடை போட்டுவிட்டார்.

கடைசியாக ஒன்று சொன்னார். மாப்பிள்ளையின் தாய்மாமன் வேலுச்சாமி, சத்தியமங்கலத்துப் பக்கம் வாழைத் தோட்டம் வைத்திருப்பவர், நிச்சயதார்த்தத்துக்கு வர முடியாமல் போனவர். கல்யாணத்துக்கு நேராக வருகிறார். அவர் வந்து நிற்காமல் மாப்பிள்ளை வீட்டில் மாலையைக்கூடத் தொட மாட்டார்கள். அவரை மட்டும் நன்றாகக் கேட்டு உள்ளே கூட்டிவர வேண்டும். நான் தலையை ஆட்டினேன். அவரை அதுவரை நான் பார்த்ததில்லை. எப்படி இருப்பார் என்று கேட்கவும் தோன்றவில்லை.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். நான் விடிவதற்கு முன்பே பட்டு வேட்டியைக் கட்டி, அது நிற்காமல் போகவே மேலே பெல்ட்டையும் கட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டேன். முதல் இரண்டு மணி நேரம் பிரமாதமாகப் போனது. வாங்க, வாங்க, வாங்க. குழந்தைகளைக் கேட்டேன். பந்தல்காரரைக் கேட்டேன். வாழை இலைக் கட்டு இறக்க வந்தவர் நான் கும்பிட்டதைப் பார்த்து, கட்டைக் கீழே போட்டுவிட்டுத் திருப்பிக் கும்பிட்டார். எல்லோரும் ‘பையன் என்ன மரியாதை’ என்று பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது. எனக்கு நெஞ்சு விம்மியது. பெல்ட் இன்னும் இறுகியது.

ஏழு மணிக்குமேல்தான் சிக்கல் ஆரம்பித்தது. அன்றைக்குப் பெரிய முகூர்த்த நாள். வந்தவர்களில் பாதிப் பேருக்கு வேறு இரண்டு மூன்று கல்யாணங்கள் இருந்தன. டிபனைச் சாப்பிட்டு, பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்துவிட்டுக் கிளம்ப ஆரம்பித்தார்கள். வாசலோ ஒன்றே ஒன்று. வலது பக்கம் வருகிறவர்கள், இடது பக்கம் போகிறவர்கள். நடுவில் நான். வலதுக்கு ‘வாங்க, வாங்க’. இடதுக்கு ‘ரொம்ப சந்தோசமுங்க, போயிட்டு வாங்க’, கையில் ஒரு தாம்பூலப் பை. மஞ்சள் பைக்குள் ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம்.

இதை நூறு தடவை மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். நாக்கு தனியாகவும் கை தனியாகவும் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். மூளை எப்போதோ சாப்பிடப் போய்விட்டது.

முதல் அறிகுறி எங்கள் தெருவில் குடியிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார். சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் அவரைப் பார்த்து இரண்டு கையும் கூப்பி, “வாங்க, வாங்க. உள்ள போய் மொதல்ல சாப்பிடுங்க” என்றேன். அவர் ஒரு நொடி தயங்கினார். மரியாதையாகக் கூப்பிடுகிற பிள்ளையிடம் சாப்பிட்டாயிற்று என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. திரும்பி உள்ளே போனார். மறுபடி பந்தியில் உட்கார்ந்து, மறுபடி நான்கு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. இரண்டாவது தடவை வெளியே வரும்போது, நான் பார்க்காத நேரமாகப் பார்த்துச் சுவரோரமாகவே நழுவினாராம்.

விஷயம் அவரோடு முடிந்திருந்தால் ஒன்றுமில்லை. எட்டு மணி சுமாருக்கு நான்கு பேர் வந்தார்கள். முன்னால் நல்ல உயரமாக, நரைத்த மீசையோடு ஒருவர். வெள்ளை வேட்டி, தோளில் பச்சைக்கரைத் துண்டு. பக்கத்தில் அவர் சம்சாரம். பின்னால் இரண்டு பேர். தெரு அடைத்துக்கொண்டதால் அவர்களின் வேன் மூலையிலேயே நின்றுவிட, இவர்கள் முதலில் இறங்கி நடந்து வந்திருக்கிறார்கள். நான் அந்த நேரம் இடது பக்கத்து ஆட்களுக்குப் பை கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்படியே திரும்பினேன். முகம் நிறையச் சிரித்தேன்.

“ரொம்ப சந்தோசமுங்க. போயிட்டு வாங்க.”

சொன்னதோடு நிற்காமல் ஆளுக்கொரு பையையும் கையில் கொடுத்தேன்.

உயரமானவர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பையைத் திறந்து உள்ளே இருந்த தேங்காயைப் பார்த்தார். பிறகு, “சரிங்க, வாரேனுங்க” என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, நால்வரும் வந்த வழியே திரும்பினார்கள். நான் அடுத்த ஆளுக்கு ‘வாங்க’ சொல்லப் போய்விட்டேன். மனசில் ஒரு மூலையில், இவர்கள் உள்ளே போனதைப் பார்த்த ஞாபகம் இல்லையே என்று ஒரு சின்ன உறுத்தல். ஆனால் கடமை அழைத்தது.

அரை மணி கழித்து மாப்பிள்ளையின் அம்மா வாசலுக்கு வந்தார். அண்ணன் இன்னும் வரவில்லையே என்று தெருவை எட்டி எட்டிப் பார்த்தார். பூக்கட்டிக்கொண்டிருந்த அவர்கள் வீட்டு உறவுக்காரம்மா ஒருத்தர் தலையை நிமிர்த்தாமலே, “வந்தாருங்களே. இந்தத் தம்பி பையக் குடுத்து அனுப்பிச்சுப்போட்டாரு. வேனேறிப் போயிட்டாங்க” என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் சந்தனக் கிண்ணம் இருந்தது. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

விஷயம் உள்ளே போன வேகத்தைப் பார்த்தால் நாதஸ்வரத்தில் வைத்து ஊதினார்களோ என்று தோன்றியது. அப்பா வந்தார். எங்கள் அப்பாவிடம் ஒரு வழக்கம். சாதாரணமாக என்னை ‘டா’ போட்டுத்தான் பேசுவார். கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். ‘நீங்க’ வந்தால் ஆபத்து. ‘தம்பி’யும் சேர்ந்து வந்தால் அன்றைக்கு வீட்டுக்கே போகக் கூடாது.

“ஏனுங்க தம்பி, அவரு கிட்ட நீங்க என்னங்க சொன்னீங்க?”

எண்ணிப் பார்த்தேன். ‘தம்பி’யை விட்டுவிட்டாலும் ஒரே வரியில் நான்கு மரியாதை. என் வாழ்நாளில் அதற்கு முன்பு அதிகபட்சம் இரண்டுதான்.

அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் ஒரு வட்டமாக நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் சத்தம் போட்டால் சமாதானமாகிவிடும் என்று அர்த்தம். குரல் தாழ்ந்தால்தான் பயம். மணமகள் அறை ஜன்னலில் சாந்தாமணி நின்றாள். பாதித் தலைக்குத்தான் பூ வைத்திருந்தது. அவள் என்னையே பார்த்தாள். அவ்வளவு நேரம் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அது நின்றுபோனது.

வேன் கோயில் பக்கமாகப் போனதாகத் தெருமுனைக் கடைக்காரர் சொன்னார். யாருடையது என்றுகூடக் கேட்காமல் வாசலில் நின்ற ஒரு மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தேன். (பறந்தேன் என்பது என் மனநிலை. மொபெட் அதன் வழக்கமான வேகத்தில்தான் போனது. ஒரு சைக்கிள்காரர் என்னைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்த்தார்.)

கோயில் வாசலில் வேன் நின்றது. உள்ளே அர்ச்சனைக்கு நீண்ட வரிசை. அதன் நடுவில் அந்தப் பச்சைக்கரைத் துண்டு. வேலுச்சாமி அய்யா, கையில் நான் கொடுத்த மஞ்சள் பையோடு, அமைதியாக நின்றுகொண்டிருந்தார். முகத்தில் கோபத்தின் சாயலே இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பெரிய கோபக்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நானாக முடிவு செய்து, வரிசைக்குள் புகுந்து, அவர் காலில் விழுந்தேன்.

“என்னை மன்னிச்சுப்போடுங்க. பெரிய தப்புப் பண்ணிப்போட்டேனுங்க.”

அவர் பதறி என்னைத் தூக்கி நிறுத்தினார். என்ன தப்பு என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார். அவர் சம்சாரம் அந்த நேரம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி, தலையை லேசாக ஆட்டினார். ‘வாயை மூடு’ என்பதற்கு உலகம் முழுக்க அதுதான் சைகை. புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதிப் பழகிய எனக்கு அது புரியவில்லை. எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். அவரைக் கிளம்புகிற ஆள் என்று நினைத்துவிட்டதைச் சொன்னேன். ‘போயிட்டு வாங்க’ என்றது போகச் சொன்னதுதான் என்பதை ஒன்றுக்கு இரண்டு தடவை தெளிவுபடுத்தினேன்.

அவர் பையை உயர்த்திக் காட்டினார்.

“அப்ப, இந்தத் தேங்காய்?”

“அது சாப்பிட்டுப் போட்டுக் கெளம்பறவங்களுக்குக் குடுக்கறதுங்க.”

அப்போதுதான் நடந்தது என்ன என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது. மண்டப வாசலில் ஒரு பிள்ளை தேங்காய் பழத்தைக் கையில் கொடுத்துப் பணிவாக ‘போயிட்டு வாங்க’ என்கிறான். அவர் என்ன நினைப்பார்? தாய்மாமன் முதலில் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வருவது பெண் வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறார். நல்ல வழக்கம்தான் என்று பாராட்டிக்கூடப் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அர்ச்சனை முடிந்ததும் சந்தோஷமாகத் திரும்பி வந்திருப்பார். நான் வந்து மன்னிப்புக் கேட்கும் வரை அந்த மனிதருக்குத் தான் அவமானப்பட்டதே தெரியாது.

மீசை மெதுவாக அசைந்தது. “அப்ப எங்களை வாசல்லயே தாட்டி உட்டுட்டீங்க” என்றார். தாட்டி விடுவது என்றால் அனுப்பிவிடுவது. வரிசையை விட்டு விலகி, பக்கத்துக் கல்தூண் அடியில் போய் உட்கார்ந்தார். “நா வரலீங்க.”

அவர் சம்சாரம் என் பக்கம் திரும்பினார். திட்டவில்லை. களைப்போடு ஒரு சந்தேகத்தைக் கேட்டார்.

“ஏங் கண்ணு, ஒரு அஞ்சு நிமிசம் நீங்க சும்மா இருந்திருந்தா நாங்களே வந்திருப்பமல்லோ?”



எனக்கு அழுகை வந்துவிட்டது. பெல்ட் கட்டிய பட்டு வேட்டியோடு, இருபத்து மூன்று வயதில், அவிநாசிக் கோயிலில், ஊர் பார்க்க அழுதேன். தங்கை ஜன்னலில் நின்றதை மட்டும் சொன்னேன். பாதித் தலைக்குத்தான் பூ வைத்திருக்கிறது, மீதிப் பூவை வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லோரும் நிற்கிறார்கள் என்றேன். அன்று காலையிலிருந்து நான் யோசிக்காமல் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உருப்படியானது.

அந்த அம்மா அவர் கையிலிருந்த பையை வாங்கினார். வந்தது வந்தாயிற்று, வாங்கின தேங்காயை உடைக்காமல் போகக் கூடாது என்று அவரையும் எழுப்பினார். மறுபடி வரிசையில் நின்று சாமிக்கு எதிரில் போனதும், குருக்கள் யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்டார். வேலுச்சாமி அய்யா துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அப்புறம், “மாப்பிள்ளை பேரு செந்தில். பொண்ணு பேரு சாந்தாமணி” என்றார். தேங்காய் நேர்ப்பாதியாக உடைந்தது.

வெளியே வரும்போது என்னிடம் சொன்னார். சாமி முன்னால் பெயர் சொல்லிவிட்டதால் இனிமேல் வராமல் இருக்க முடியாது. ஆனால் ஒன்று.

“வாங்கன்னு கேக்கோணும். எல்லாருங் கேக்கோணும்.”

மொபெட்டில் முன்னால் ஓடிவந்து செய்தியைச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் எங்கள் குடும்பம் மொத்தமும் வாசலில் வரிசை கட்டியது. பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். தவில்காரர்கூட ஒரு ஓரமாக நின்றார். அவர் எங்களுக்கு உறவே இல்லை. அப்பா என்னை வரிசையின் கடைசியில், ஒரு வாழைமரத்துக்குப் பின்னால் நிறுத்தினார். வாயைத் திறக்கக் கூடாது, கையை மட்டும் கூப்ப வேண்டும் என்று உத்தரவு. (நான்கு மரியாதையோடுதான் சொன்னார்.)

வேலுச்சாமி அய்யா வந்தார். அப்பா கேட்டார். அம்மா கேட்டார். சித்தப்பாக்கள், அத்தைகள், அவர்களின் பிள்ளைகள் எல்லாரும் கேட்டார்கள். ஜன்னலிலிருந்து சாந்தாமணி, “வாங்கப்பா” என்று அப்பா முறை சொல்லிக் கேட்டாள். அவர் முகம் இளகியது அங்கேதான். ஒவ்வொருவருக்கும் தலையசைத்துக்கொண்டே வந்து வாழைமரத்துக்கு முன்னால் நின்றார்.

“தம்பி கேக்கலீங்களே.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வாய்க்குள் ‘போயிட்டு’ என்ற சொல் வரிசையில் முதல் ஆளாக நிற்பது எனக்கே தெரிந்தது. அதைத் தள்ளி ஒதுக்கிவிட்டு, மூச்சைப் பிடித்து, “வாங்க” என்றேன். தவளை சத்தம் போட்டதுபோல் இருந்தது. ஆனாலும் சொல் சரியான சொல்.

அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக, “வாரேனுங்க” என்றார்.

‘வாங்க’ என்று கேட்டால் சொல்கிற பதில் அது. கிளம்புகிறவர் சொல்கிற சொல்லும் அதுவேயல்லவா? மாப்பிள்ளையின் அம்மா ‘அண்ணா’ என்று ஓடிவந்தார். சித்தப்பா ஒருத்தர் பாய்ந்து அவர் கையையே பிடித்துவிட்டார். வேலுச்சாமி அய்யா எங்கள் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மீசைக்குக் கீழே சிரிப்பு வெடித்துக் கிளம்பியது. சிரித்துச் சிரித்து இருமி, கடைசியில் நான்தான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். உள்ளே வந்து மருமகன் பக்கத்தில் நின்றார். பத்து மணிக்குத் தாலி கட்டியாயிற்று.

அந்தக் கதை எனக்கு முன்னால் ஊர் ஊராகப் போனது. இரண்டு வருடம் கழித்து எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணின் அப்பா எங்களை ‘வாங்க’ என்று கேட்டுவிட்டு, என்னை மட்டும் தனியாகப் பார்த்து, அவிநாசியில் தாய்மாமனைக் கோயிலுக்கு அனுப்பினது நீங்கள்தானா என்று விசாரித்தார். உள்ளறையிலிருந்து ஒரு பெண் குரல் சிரித்தது. காபி டம்ளர் உருண்ட சத்தமும் கேட்டது. அந்தச் சிரிப்பைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

இருபத்தைந்து வருடமாயிற்று. நான் வேலை முடிந்து வீடு திரும்பும்போது, அவள் கதவைத் திறந்து, கை கூப்பி, ‘போயிட்டு வாங்க’ என்பாள். எங்கள் மகளும் அதையே பழகிக்கொண்டாள். பேச ஆரம்பித்த புதிதில் வாசலுக்கு வந்த அத்தனை பேரையும் அப்படித்தான் கேட்டாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் இரண்டு தடவை திரும்பிப் போயிருக்கிறார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் வழக்கம்போலக் கதவு திறந்தது. அவள் என் இரண்டு கையையும் பார்த்தாள். “போயிட்டு வாங்க” என்றாள். நானும் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தேன். ஆனால் அவள் சிரிக்கவில்லை, வழியையும் விடவில்லை. மத்தியானமே போன் பண்ணி, வரும்போது தயிர் வாங்கி வரச் சொல்லியிருந்தாளாம்.